ஹாம்ஸ்டர் கடித்து வெளியேற முடியாத கூண்டு: வீட்டிலேயே செய்யலாம்

எங்கள் பொரி ஒரு கோல்டன் ஹாம்ஸ்டர். என் மகள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது. முதலில் பிளாஸ்டிக் பெட்டியில் காற்றுத் துளைகள் போட்டு வைத்தோம். நான்கே நாளில் ஒரு துளை எலுமிச்சைப் பழம் அளவுக்கு ஆகிவிட்டது. அடுத்து பிளைவுட் பெட்டி. அதில் மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் காலி. அரிசி டிரம்முக்குப் பின்னால் அதைக் கண்டுபிடிக்கும் வரை மூன்று இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாவதாகச் செய்த கூண்டில்தான் ஓராண்டுக்கு மேலாக இருக்கிறது. அந்தக் கூண்டைச் செய்த விதம் இது.

பிளைவுட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தட்டையான பலகையின் நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. கடித்ததெல்லாம் விளிம்பில், துளையின் ஓரத்தில், இரண்டு பலகை சேரும் மூலையில். ஹாம்ஸ்டரின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கடிப்பதை அது நிறுத்தாது. ஆனால் பல் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும். பல்லுக்கு எட்டும் இடத்தில் மரமோ பிளாஸ்டிக்கோ விளிம்பாக நிற்கக் கூடாது. கூண்டு முழுக்க இந்த ஒரே கணக்குதான்.

வாங்க வேண்டியவை

அடிப்பகுதிக்கு எவர்சில்வர் தகட்டில் தொட்டி. நீளம் 100 செ.மீ., அகலம் 50 செ.மீ., உயரம் 25 செ.மீ. இரும்பாலை இருக்கும் எங்கள் சேலத்தில் தகட்டுக்கா பஞ்சம்? தகடு மடித்துக் கொடுக்கும் பட்டறை எதிலும் அளவு சொன்னால் செய்து தருவார்கள். மேல் விளிம்பை மடித்து அடித்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கைதான் கிழியும். விரிசல் இல்லாத பழைய மீன் தொட்டி இருந்தால் அதுவும் போதும்.

மேல் பகுதிக்கு எவர்சில்வர் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), 304 தரம், கண் அளவு அரை அங்குலம், கம்பி கனம் 1.2 மி.மீ. கடையில் ஜிஐ மெஷ்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். அதன் மேல் பூச்சு துத்தநாகம். தினமும் கடிக்கும் பிராணிக்கு அது வயிற்றுக்குள் போவது நல்லதல்ல. கொசுவலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு ராத்திரிக்குத் தாங்காது.

சட்டத்துக்கு முக்கால் அங்குல அலுமினிய எல் ஆங்கிள் (எல் வடிவில் மடிந்த பட்டை), பாப் ரிவெட் (துளையில் விட்டு கன்னால் இறுக்கும் ஆணி), அகலமான வாஷர், இரண்டு கீல், இரண்டு தாழ்ப்பாள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் எல்லாமே கிடைத்துவிடும். கருவிகளில் டிரில்லிங் மெஷின், ரிவெட் கன், தகடு வெட்டும் கத்தரி, ஒரு அரம். கேபிள் டை போட்டுக் கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பிளாஸ்டிக். வேண்டாம்.

வலையை வெட்டுவது

100 × 32 செ.மீ. அளவில் இரண்டு, 50 × 32 அளவில் இரண்டு, மேல் மூடிக்கு 100 × 50 அளவில் ஒன்று. ஒவ்வொரு பக்கமும் மடிக்க ஒரு செ.மீ. கூடுதலாக விடுங்கள். குறுக்குக் கம்பியை ஒட்டி வெட்டினால் முள் நீட்டாது. நடுவில் வெட்டினால் ஒவ்வொரு கம்பியும் ஊசி மாதிரி நிற்கும். வெட்டிய பின் அரம் போட்டுத் தேய்த்து, விளிம்பை மடித்துவிடுங்கள். அப்புறம் ஒரு பழைய வேட்டித் துணியை விளிம்பு முழுக்க இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே இன்னும் முள் இருக்கிறது. விரலால் தடவிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது.

ரிவெட் அடிப்பது

இங்கேதான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விட்டேன். சட்டத்தைப் பெட்டியாக முடித்துவிட்டு வலையைப் பொருத்தப் போனேன். மூலைகளில் ரிவெட் கன் உள்ளே போகவே இல்லை. எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தரையில் படுக்க வைத்து, வலையோடு சேர்த்து முடித்துவிடுங்கள். பெட்டியாகச் சேர்ப்பது கடைசியில்.

வலை சட்டத்தின் உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் அலுமினிய விளிம்பு பல்லுக்கு எட்டும், அலுமினியம் மென்மையானது. வலை மேல் வாஷர், அதன் மேல் ரிவெட்டின் தட்டைத் தலை உள்பக்கம் வரட்டும். வால் பக்கம் வெளியே. ஐந்து செ.மீ.க்கு ஒன்று என்று அடித்தேன்.

பக்க வலைகளின் அடியில் ஏழு செ.மீ. சட்டத்துக்குக் கீழே தொங்கும்படி விடுங்கள். சட்டம் தொட்டியின் விளிம்பில் உட்காரும்போது அந்தத் தொங்கல் தொட்டிக்குள் இறங்கிவிடும். தகடும் சட்டமும் சேரும் இடுக்கு உள்ளிருந்து தெரியவே தெரியாது. மடிப்பு தகட்டுப் பக்கம் பார்த்திருக்கட்டும்.

கதவு

கதவை மேலே வையுங்கள். என் முதல் கதவு வெறும் வலைத் துண்டு, நடுவில் ஒரே தாழ்ப்பாள். நடு இறுக்கமாக இருந்தது. ஆனால் மூலையை மூக்கால் முட்டி முட்டி வளைத்துவிட்டது பொரி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு விளக்கைப் போட்டால் பாதி உடம்பு வெளியே. தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே கதவுக்கும் தனியாக ஆங்கிள் சட்டம் வேண்டும். திறப்பைவிட நான்கு பக்கமும் இரண்டு செ.மீ. பெரிதாக இருந்து மேலே படிய வேண்டும். தாழ்ப்பாள் நடுவில் வேண்டாம், இரண்டு மூலைகளிலும் ஒவ்வொன்று. பூட்டிய பிறகு ஒரு பென்சிலை எல்லா ஓரத்திலும் நுழைத்துப் பாருங்கள், விரலால் கதவைத் தூக்கிக்கொண்டே பாருங்கள். பென்சில் போனால் இன்னும் வேலை இருக்கிறது.

உள்ளே

தண்ணீர் பாட்டில் வெளியே தொங்கட்டும், குழாய் முனை மட்டும் உள்ளே. ஓடும் சக்கரம் 28 செ.மீ. விட்டம், கம்பிப் படி இல்லாமல் தட்டையான தளம் உள்ளது. கம்பித் தரை போடாதீர்கள், பாதம் புண்ணாகும். காகிதத் துண்டுகளை 20 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். பஞ்சு வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். இன்று வீடுகளில் வளரும் கோல்டன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த ஒரு குடும்பத்தின் வழி வந்தவை. வளை தோண்டுவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. தோண்ட இடமில்லாவிட்டால் கம்பியைக் கடிக்கும். எவர்சில்வர் தாங்கும், ஆனால் பல் உடையும். அதனால் கடிக்கவும் ஏதாவது கொடுங்கள். மருந்து அடிக்காத கொய்யாக் கிளையை வேகவைத்து நன்றாகக் காய வைத்துப் போடுகிறேன்.

ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். துணைக்கு இன்னொன்றை விட்டால் கோல்டன் ஹாம்ஸ்டர் சண்டை போட்டுச் சாகும்.

பின்சேர்க்கை: குட்டை இன ஹாம்ஸ்டர் வைத்திருக்கும் ஒருவர், அரை அங்குலக் கண்ணில் அது நுழைந்து போய்விட்டதாக எழுதியிருந்தார். குட்டை இனத்துக்கும், சின்னக் குட்டியாக வாங்கிய கோல்டனுக்கும் கால் அங்குலக் கண்தான் வேண்டும். சக்கரம் குட்டை இனத்துக்கு 20 செ.மீ. போதும்.

இன்னொருவர் ஏற்காட்டிலிருந்து கேட்டிருந்தார்: சில்வர் ஓக் பலகை வீட்டில் கிடக்கிறது, சட்டத்துக்குப் பயன்படுத்தலாமா? தாராளமாக. வலை உள்பக்கமாக வந்து மரத்தின் விளிம்பு எங்கும் பல்லுக்கு எட்டாமல் இருந்தால் சரி.

கோடையைப் பற்றி முதலில் எழுத விட்டுப்போனது. சேலத்து மே மாத வெயிலில் தகட்டுத் தொட்டி ஜன்னலோரம் இருந்தால் அடுப்பு மாதிரி ஆகிவிடும். 30 டிகிரியைத் தாண்டினாலே ஹாம்ஸ்டருக்கு ஆபத்து. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள். ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, வாயில் ஒரு பக்கம் உடைத்து வழி விட்டு, அந்த ஓரத்தை அரத்தால் மழுக்கி உள்ளே வைத்தேன். பகல் முழுக்கப் பொரி அதற்குள்தான் தூங்குகிறது.