பம்ப் நிற்கும் நொடியை வெட்டாதீர்கள்

போன வாரம் பெங்களூரு அல்சூரில் இருக்கும் எங்கள் எடிட் அறைக்கு இரண்டு இளைஞர்கள் வந்து தங்கள் முதல் ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மெட்ரோ சுரங்கம் தோண்டுவது பற்றி இருபது நிமிடம். முதல் மூன்று நிமிடமும் ட்ரோன் காட்சிதான், அதன்மேல் பெருமை பொங்கும் குரல். நான் முன்பு எடுத்த படத்தையே மறுபடி பார்ப்பது போலிருந்தது. மைக்கை மறந்தது, வெளிச்சம் போதாதது எல்லாம் அடுத்த ஷூட்டில் தானாகச் சரியாகிவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை; தானாகச் சரியாகாத தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

பயத்தை வெட்டுவது

பெங்களூருவுக்குக் காவிரித் தண்ணீர் வரும் வழியைப் படமாக்கினோம். தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சுமார் 500 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். அதனால் மூன்று கட்டமாகப் பம்ப் செய்கிறார்கள். ஒரு பம்ப் நிலையத்தில் இரண்டு நாள் இருந்தோம். மோட்டார், ஷாஃப்ட், வரிசையாகக் குழாய்கள் என்று எல்லாமே அழகாக வந்தன.

கடைசி நாள் சாயங்காலம் கோலார் தங்கவயல்காரரான ஆபரேட்டர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குழாய்மேல் வைத்தார். அதிர்வு முழங்கை வரை ஏறியது. “தம்பி, ஓட்டுறது பெரிய விஷயமில்ல. திடீர்னு கரண்ட் போனா, ஏறிக்கிட்டிருக்கிற தண்ணியெல்லாம் திரும்பி வரும். அந்த நேரத்துக்குத்தான் நாங்க இங்க இருக்கோம்” என்றார்.

3 மீட்டர் விட்டமுள்ள குழாய் என்றால், ஒரு மீட்டர் நீளத்துக்கே 7 டன் தண்ணீர் இருக்கும். கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் அந்தத் தண்ணீர் திரும்பி மோதினால், எழும் அழுத்தத்தில் குழாயே பிளந்துபோகலாம். காற்று வால்வுகளும் மோதலைத் தாங்கும் தொட்டிகளும் அதற்காகத்தான் இருக்கின்றன. வீட்டில் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் ‘டம்’ என்று கேட்குமே, அதுவும் இதே சங்கதிதான். பொறியாளர்கள் வாட்டர் ஹேமர் என்பார்கள்.

அவர் பேசியதை முழுக்க எடுத்திருந்தோம். எடிட்டில் உட்கார்ந்து, ஜனங்களுக்குப் புரியாது என்று நானே வெட்டினேன். எல்லார் வீட்டிலும் கேட்கிற சத்தம், எப்படிப் புரியாமல் போகும்? இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஒளிபரப்பான அன்று ஐந்தாவது நிமிடத்தில் அத்தை எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார். மறுநாள் ஆபரேட்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். சமையலறைக் குழாயை நாலு தடவை திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “இதை ஏன்டா காட்டல?” என்றார். அதற்குள் ஹார்ட் டிஸ்கை அழித்து வேறு வேலைக்கு எடுத்துவிட்டோம். திரும்பப் போய் எடுக்க அனுமதியும் கிடைக்கவில்லை.

இந்த இளைஞர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள். பெங்களூருவின் மண்ணுக்கடியில் ஒரு பக்கம் கருங்கல், பக்கத்திலேயே இளகிய மண் என்று கலந்து கிடக்கும். சுரங்க இயந்திரத்தின் முகப்பு ஒவ்வொரு சுற்றிலும் மண்ணிலிருந்து கல்லில் போய் மோத, வெட்டும் தட்டுகள் தேய்ந்துபோகும். அதைச் சொன்ன பொறியாளருக்குப் படத்தில் பன்னிரண்டே விநாடி!

‘இது எப்படி வேலை செய்கிறது?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ‘என்ன ஆகிவிடுமோ என்று உங்களுக்குத் தூக்கம் வராது?’ என்று கேளுங்கள்.

‘ஆசியாவிலேயே பெரியது’

இப்படிப் பெருமையடிப்பதைக் கேட்டு யாரும் நிமிர்ந்து உட்காருவதில்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வியைப் போடுங்கள். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் முதலில் போனது சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு. பெங்களூருவில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது 1905-இல்தான். ஊருக்குக் கொடுக்கும் முன்பே தங்கச் சுரங்கத்துக்கு ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை சேனலை மாற்ற மாட்டார்கள்.

கான்ஃபரன்ஸ் அறையில் பேட்டி

வேண்டாம். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

பின்னணி இசை

பம்பின் சத்தம் கேட்கட்டும்.

அந்த மெட்ரோ சுரங்கப் பொறியாளரின் பேட்டி நாற்பது நிமிடம், நல்லவேளையாக அழியாமல் இருக்கிறது. இன்று ராத்திரி மூவரும் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்கப்போகிறோம்.