தணலில் வாட்டிய வெள்ளாட்டு விலாக்கறி

சித்திரை, வைகாசி விடுமுறையில் வீடு நிறைய உறவினர் இருக்கும்போது, பொழுது சாய்ந்த பின் மொட்டை மாடியிலோ தோட்டத்துச் சாளையின் வாசலிலோ தணல் மூட்டி விலாக்கறி வாட்டலாம். இதற்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு: வெள்ளாட்டு விலாவை முதலில் வேகவைத்துவிட்டு, பிறகே தணலில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் பன்றியின் விலாவை 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஐந்தாறு மணி நேரம் புகையிலேயே வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அதில் கொழுப்பு மிகுதி என்பதால் கறி காய்ந்துபோவதில்லை. காடு மேடெல்லாம் அலைந்து மேய்ந்த நம் ஆட்டிலோ கொழுப்பு குறைவு, சவ்வு அதிகம். நான் முதன்முறை பச்சைக் கறியையே தணலில் வைத்தபோது, மேற்புறம் கருகிய பின்னும் எலும்பையொட்டிய சதை மெல்ல முடியாதபடி நார்நாராக நின்றது.

கறிக்கடையில் இளங்கிடாயின் விலாவாகக் கேளுங்கள். கடைக்காரர் வழக்கம்போலப் புளியங்கட்டையில் வைத்துச் சிறு துண்டுகளாக்கும் முன்பே, நான்கு எலும்புகள் சேர்ந்த பாளமாக வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது. பாளத்தின் உட்புறம் எலும்பின் மேல் கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். கத்தி முனையால் அதன் ஓரத்தைக் கிளப்பி, வழுக்காமல் இருக்க உலர்ந்த துணியால் பிடித்து இழுத்தால் பெரும்பகுதி ஒரே உரிப்பில் வந்துவிடும். இதை விட்டுவிட்டால் மசாலா உட்புறம் இறங்காது.

ஒரு கிலோ விலாவுக்கு ஒரு தேக்கரண்டி ஈரோட்டு மஞ்சள், தட்டிய சின்ன வெங்காயம் பதினைந்து, இஞ்சி, பூண்டு, உப்பு சேர்த்து, கறி மூழ்குமளவு மட்டும் தண்ணீர் விட்டு, கனமான பாத்திரத்தில் மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ வேகவிடுங்கள். சவ்விலுள்ள கொலாஜன் என்னும் புரதம் கரைந்து கூழ்போல (ஜெலட்டினாக) மாறுவதற்குச் சூட்டைவிட நேரமே முக்கியம். ஈர்க்குச்சி தடையின்றி இறங்க வேண்டும். ஆனால் சதை எலும்பை விட்டுக் கழன்றுவிடக் கூடாது. அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு எடுத்தால் கறி வறண்டுபோகாது. வடித்த சாற்றில் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, விருந்தினருக்கு முதலில் சூப்பாகக் கொடுக்கலாம்.

மசாலாவுக்குப் பள்ளிபாளையம் கோழிக்கறியின் முறையே எனக்கு உகந்தது: விதை நீக்கிய வரமிளகாய் பன்னிரண்டு, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கடலை எண்ணெயில் வதக்கி, கொரகொரப்பாக அரைத்து, ஆறிய கறியின் மேல் பூசி அரை மணி நேரம் வையுங்கள். கடை மசாலாப் பொடி எதுவும் தேவையில்லை.

காங்கேயம் பக்கத்தில் தேங்காய் உலர்த்தும் களங்களில் தேங்காய்த் தொட்டிக்கு, அதாவது கொட்டாங்குச்சிக்கு, பஞ்சமே இல்லை. தொட்டிக் கரி புகை குறைவாகவும் நெடுநேரமும் எரியும். பச்சைத் தொட்டியை எரித்தால் புகை கறியில் கசப்பாக ஏறும். கரியின் மேல் வெண்சாம்பல் படர்ந்ததும், அதை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கம்பி வலைக்கு அரைச் சாண் மேலே உள்ளங்கையை நீட்டி, ஐந்து எண்ணும்வரை தாங்க முடிந்தால் சூடு சரியாக இருக்கிறது. மூடிய அறையில் மட்டும் கரி அடுப்பை வைக்கவே கூடாது; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லாததால், உயிருக்கே ஆபத்து நேர்வது தெரியாமல் போய்விடும்.

கறியைத் தணலற்ற பக்கத்தில் வைத்து, உருக்கிய ஊத்துக்குளி வெண்ணெயைக் கறிவேப்பிலைக் கொத்தால் தடவியபடி பத்து நிமிடம் சூடேற்றிய பின், தணலுக்கு நேரே மாற்றி இருபுறமும் சிவக்க வாட்டுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காமல், கறியை நகர்த்துவதே முறை. இனிப்பு விரும்புவோர் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, கடைசி மூன்று நிமிடத்தில் மட்டும் பூசலாம். முன்னதாகப் பூசினால் அது கருகிக் கசந்துவிடும்.

இதே தணலில் கோழியையும் வாட்டுவதானால், அதன் கனமான பகுதி உள்ளே 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். பச்சைக் கறி வைத்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள். நம் கோடை வெயிலில் பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கவும் கூடாது. மக்காச்சோளத்தைத் தோலோடு வாட்டினால் பால் வற்றாது. விலா பரிமாறும் வேளையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டால், எல்லோரும் கை கழுவி வந்து உட்காரும்போது அது வெந்திருக்கும்.