சுக்கு மல்லி காபி: மல்லியைக் கடைசியில் போடுங்கள்

பெயரில்தான் காபி; உள்ளே ஒரு காபிக்கொட்டைகூடக் கிடையாது. அதனால் ராத்திரி எட்டு மணிக்குக் குடித்தாலும் தூக்கம் கெடாது. சாயங்காலத்தில் சைக்கிளில் பித்தளை பாய்லரைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் வாங்கிக் குடித்திருப்பீர்கள். அந்த ருசி வீட்டில் வரவில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். எல்லாப் பொடியையும் ஒன்றாகக் கொட்டிப் பத்து நிமிஷம் கொதிக்க விடுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

சுக்குக்கும் மல்லிக்கும் குணம் வேறு. சுக்கின் காரம் கொதித்தால்தான் நன்றாக இறங்கும். மல்லி விதையின் மணமோ அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது, அதில் முக்கியமான மணப்பொருளை லினலூல் என்பார்கள். கொதிக்கக் கொதிக்க அது ஆவியோடு போய்விடும். அடுப்படி முழுக்க மணக்கிறதென்றால் தம்ளரில் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பொடித்து, தனித்தனி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொடி

நாட்டு மருந்துக் கடையில் 25 கிராம் சுக்கு வாங்குங்கள். ஓட்டை விழுந்ததும், கையில் எடுத்தால் மாவு உதிர்வதும் வேண்டாம், வண்டு அரித்திருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால் அது சுண்ணாம்பு பூசிய சுக்கு. எதுவானாலும் தோலைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். ‘சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு’ என்று சொல்லிவைத்திருக்கிறார்களே, அந்தப் புறணி இந்தத் தோல்தான்.

சுரண்டியதை அப்படியே மிக்சியில் போட்டுவிடாதீர்கள். ஒரு பிளேடு போனபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. துணியில் சுற்றி, அம்மிக் குழவியாலோ இடிகல்லாலோ நாலு தட்டுத் தட்டிச் சில்லாக்கிய பிறகு மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். ரவை பதம் போதும். மாவாக அரைத்தால் சுக்கிலுள்ள மாவுச்சத்து கரைந்து, காபி கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

மல்லி விதை 100 கிராம். வெறும் வாணலியில், சிறு தீயில், தொட்டால் சூடு தெரியும்வரை வறுத்தால் போதும். நிறம் மாறக் கூடாது. ஆறவைத்து, நாலு ஏலக்காய் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். சிலர் சீரகமும் சேர்ப்பார்கள். எனக்கு அது ரச வாசனையைக் கொண்டுவந்துவிடுகிறது.

கருப்பட்டி

இரண்டு பேருக்கு நெல்லிக்காய் அளவில் இரண்டு துண்டு. தட்டி, அரைத் தம்ளர் வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, ஐந்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அதன் மிச்சமும் மணலும் தும்பும் கருப்பட்டியில் இருக்கத்தான் செய்யும். உடன்குடிக் கருப்பட்டியானாலும் இதைத் தவிர்க்க முடியாது. அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள்.

காபி

இரண்டு தம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சுக்குப் பொடி, தட்டிய மிளகு நாலு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஆறு நிமிஷம் விடுங்கள். தண்ணீர் கால்பங்கு சுண்டும்.

அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் மல்லிப் பொடி இரண்டு டீஸ்பூன் போட வேண்டும். உடனே தட்டு போட்டு மூடிவிடுங்கள். நாலு நிமிஷம் திறந்து பார்க்காதீர்கள். பிறகு வடிகட்டி, கருப்பட்டித் தண்ணீரைக் கலந்து, ஒருமுறை ஆற்றிக் குடியுங்கள். முதல் மடக்கில் மல்லி மணமும், தொண்டையில் இறங்கும்போது சுக்கின் காரமும் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது. காரம் போதவில்லையென்றால் அடுத்த தடவை சுக்கைக் கூட்டுங்கள், கொதிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டாம்.

பால் வேண்டுமா? நான் விடுவதில்லை. விடுகிறவர்கள் தனியாகக் காய்ச்சி, கடைசியில் தம்ளரில் கலக்குங்கள். கருப்பட்டியோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் திரிந்துவிடும்.

இது மருந்து இல்லை. மூக்கடைப்புக்கும், கனமாகச் சாப்பிட்ட வயிற்றுக்கும் இதமாக இருக்கும், அவ்வளவுதான். காய்ச்சல் விடவில்லையென்றால் டாக்டரிடம் போங்கள். இஞ்சி காய்ந்தால்தான் சுக்கு என்றாலும் காரம் இஞ்சியைவிட அதிகம். ஆகவே வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது. கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவுள்ளவர்கள் அது இல்லாமலே குடித்துப் பழகலாம்.

மல்லிப் பொடியை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். சுக்குப் பொடி அதைவிட அதிக நாள் தாங்கும். வடிகட்டிய சக்கையில் இன்னும் ஒரு தம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் இரண்டாம் டிகாக்‌ஷன் கிடைக்கும். அதில் காரம் இருக்கும், மணம் இருக்காது. எங்கள் வீட்டில் கூப்பிட்டதும் வராதவர்களுக்கு அதுதான்.