மார்கழிக் குளிரில் சைக்கிள்: சட்டைக்குள் பழைய பேப்பர்

மார்கழியில் விடிகாலை நாலரைக்கெல்லாம் தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேட்டுக்கு மீன் எடுக்க சைக்கிளில் கிளம்பிவிடுவேன். 20 டிகிரிதான், ஆனால் மிதிக்க மிதிக்க எதிர்க்காற்று நெஞ்சிலேயே அறையும். முதலில் தடிமனான ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தேன். பின்னல் சந்தில் காற்று புகுந்துவிடும், மிதிக்கிற சூட்டில் பனியனும் நனைந்து, அப்புறம் ஏலத்துக்குக் காத்து நிற்கும்போது அந்த ஈரம்தான் உடம்பை நடுக்கும்.

இப்போது பனியனுக்கு மேலே பழைய நியூஸ்பேப்பர் இரண்டு தாளை மடித்து வைத்து, அதன்மேல் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொள்கிறேன். காற்று உள்ளே வரவே இல்லை! வியர்க்க ஆரம்பித்தால் தாளை உருவிவிடலாம். காதுக்குத் துண்டு. கேரியர் பையில் மாற்றுப் பனியன் ஒன்று, போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவேன்.