கல்லீரல் மாற்று ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சாகவே முடியாத நாட்கள்

கல்லீரல் நோய் பற்றிய தீசிஸ்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் திருத்திக்கொடுப்பது என் வேலையில் பெரிய பங்கு. ஆட்கள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. பல தவறுகள் நாங்கள் படித்த காலத்திலேயே இருந்தவைதான். எழுத்துப்பிழை, விட்டுப்போன ஃபாலோ-அப் போன்றவற்றை யாரும் சொல்லாமலே சரிசெய்துவிடலாம். முடிவையே தலைகீழாக்கும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அலகைப் பார்க்காமல் ஸ்கோர் போடுவது

மெல்ட் என்பது ரத்தப் பரிசோதனை அளவுகளை வைத்துக் கல்லீரல் நோயின் தீவிரத்தைச் சொல்லும் ஸ்கோர்; எண் ஏற ஏற நிலைமை மோசம். அதன் சூத்திரம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் ஆனது. உங்கள் லேப் லிட்டருக்கு மைக்ரோமோலில் கொடுத்தால் பிலிருபினை 17.1-ஆலும் கிரியேட்டினினை 88.4-ஆலும் வகுத்துக்கொள்ளுங்கள்.

மாற்று செய்தவர்களையும் செய்யாதவர்களையும் நேராக ஒப்பிடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஓர் இளம் மருத்துவர் அட்டவணையோடு வந்தார். காத்திருப்புப் பட்டியலில் சேர்ந்தவர்களை மாற்று கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து, பட்டியலில் சேர்ந்த நாளிலிருந்து இருவரின் ஆயுளையும் எண்ணியிருந்தார். “வித்தியாசம் எவ்வளவு பெரிசு பாருங்க சார்” என்றார். பெரிதாகத்தான் இருந்தது. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு அறுவைசிகிச்சையால் வந்தது என்று அந்த அட்டவணையை வைத்துச் சொல்லவே முடியாது.

ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒரே நாளில் 20 பேர் பட்டியலில் சேர்கிறார்கள். முதல் ஆறு மாதத்தில் 6 பேர் இறந்துவிடுகிறார்கள். மீதி 14 பேரில் 7 பேருக்கு ஆறாம் மாதம் கல்லீரல் கிடைக்கிறது. இந்த அறுவைசிகிச்சையால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் இரு பக்கமும் ஒவ்வொருவர் இறக்கிறார். சரி, இப்போது அந்த மருத்துவர் செய்ததுபோல் எண்ணுங்கள். மாற்று பெற்ற 7 பேரில் ஓராண்டு முடிவில் 6 பேர் உயிரோடு, அதாவது 86 சதவீதம். பெறாத 13 பேரில் 6 பேர், அதாவது 46 சதவீதம். ஒரு பயனும் இல்லாத சிகிச்சை உயிர்காக்கும் சிகிச்சையாகிவிட்டது!

மாற்று கிடைத்தவர் என்ற பிரிவுக்குள் வர, கல்லீரல் கிடைக்கும் நாள்வரை ஒருவர் உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த ஆறு மாதத்தில் அவர் இறந்திருந்தால் தானாகவே எதிர்ப் பிரிவில் விழுந்திருப்பார். ஆக, சாகவே முடியாத நாட்களை ஒரு பிரிவுக்கு மட்டும் தானமாகக் கொடுக்கிறோம். இதற்கு இம்மார்ட்டல் டைம் பயாஸ் என்று பெயர். இதய மாற்று ஆய்வுகளில் இதே ஓட்டை இருப்பதை மிட்செல் கெயில் 1972-லேயே எடுத்துக்காட்டிவிட்டார். அரை நூற்றாண்டு கடந்தும் அதையே திருத்திக்கொண்டிருக்கிறோம்.

வழி இருக்கிறது. எல்லோரும் முதல் நாளில் காத்திருப்பவர்களே. கல்லீரல் கிடைத்த அன்றுதான் ஒருவர் மறுபக்கம் போகிறார், அதுவரையான நாட்கள் காத்திருப்புக் கணக்கிலேயே நிற்கும். காக்ஸ் மாடலில் (ஆயுளைப் பல காரணிகள் எப்படி மாற்றுகின்றன என்று கணக்கிடும் முறை) மாற்றை, காலத்தோடு மாறும் காரணியாகச் சேர்த்தால் இது நடந்துவிடும். இல்லையென்றால் லேண்ட்மார்க் முறை: ஒரு நாளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அன்று உயிரோடிருப்பவர்களை மட்டும் அன்றைய நிலைப்படி பிரித்து அங்கிருந்து எண்ணுவது. மேலே சொன்ன 20 பேரில் ஆறாம் மாதத்தைக் குறித்தால் 7-க்கு 7, இரு பக்கமும் ஓர் இறப்பு. பொய் வித்தியாசம் மறைந்துவிடும்.

அந்த மருத்துவருக்கு இதைச் சொன்னபோதுதான் உண்மையான நஷ்டம் தெரிந்தது. அவருடைய எக்ஸெல் தாளில் ‘மாற்று: ஆம் / இல்லை’ என்ற பத்தி மட்டும் இருந்தது, அறுவைசிகிச்சைத் தேதி இல்லை. பழைய கோப்புகளை எல்லாம் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே தேதிக்கு ஒரு பத்தி போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

இது வெறும் புள்ளியியல் நுணுக்கம் இல்லை. காத்திருப்பதன் ஆபத்தையும் அறுவைசிகிச்சையின் ஆபத்தையும் முறையாக எடைபோட்ட ராபர்ட் மெரியன் குழு 2005-இல் கண்டது என்ன? மெல்ட் 15-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, ஓராண்டுக் கணக்கில், மாற்று செய்துகொள்வதே கூடுதல் ஆபத்து. தவறான கணக்கு அவர்களையும் அறுவைசிகிச்சைக்கு அனுப்பியிருக்கும்.

மாற்று கிடைத்ததும் நோயாளியைக் கணக்கிலிருந்து விடுவிப்பது

பட்டியலில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கப்லான்–மேயர் கோடு (நாள் போகப்போக எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம்) போட்டு, மாற்று கிடைத்தவரைச் சென்சார் செய்துவிடுகிறார்கள், அதாவது அன்றோடு கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். போனவரும் இருப்பவரும் ஒரே மாதிரி என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. ஆனால் மெல்ட் முறையில் கல்லீரல் முதலில் போவது மிக மோசமாக இருப்பவருக்கு. அப்புறம் அந்த அனுமானம் எப்படி நிற்கும்? மாற்றையும் இறப்பையும் போட்டியிடும் நிகழ்வுகளாக (பட்டியலில் இருப்பவருக்கு இவற்றில் எது முதலில் வருகிறது என்று) வைத்து, ஒவ்வொன்றின் திரள் நிகழ்வு வீதத்தை, அதாவது அதுவரை மொத்தம் எத்தனை சதவீதம் பேருக்கு அது நடந்தது என்பதை, கொடுங்கள். இறந்தவர், மாற்று பெற்றவர், வேறு காரணத்தால் பட்டியலிலிருந்து நீங்கியவர், இன்னும் காத்திருப்பவர் எல்லாம் சேர்ந்து 100 சதவீதம் வர வேண்டும். தாண்டினால் முறை தவறு.

புற்றுநோயில் அறுவைசிகிச்சை நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது

கல்லீரல் புற்றுநோயில் யாருக்கு மாற்று செய்யலாம் என்று சொல்லும் மிலான் அளவுகோல் 1996-இல் வந்தது: 5 செ.மீ.க்கு மிகாத ஒரே கட்டி, அல்லது 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள்வரை. காத்திருக்கும்போதே இந்த எல்லையைத் தாண்டிப் பட்டியலிலிருந்து விழுபவர்கள் உண்டு. மாற்றை, கட்டியை வெட்டி எடுக்கும் சிகிச்சையோடு ஒப்பிடும்போது அவர்களை மறந்தால் மாற்றுக்குச் சலுகை கொடுத்ததாகும். முடிவெடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

ஃபைப்ரோசிஸ் நிலைக்குச் சராசரி போடுவது

ஃபைப்ரோசிஸ் என்பது கல்லீரலில் தழும்பு ஏறுவது. அதன் நிலைகளான 0 முதல் 4 வரை உள்ளவை வரிசை எண்கள், எது முன், எது பின் என்று மட்டும் சொல்பவை. சராசரி வேண்டாம்.

சாப்பிட்டு வந்தவருக்கு ஃபைப்ரோஸ்கேன்

ஃபைப்ரோஸ்கேன் கல்லீரலின் விறைப்பை அளக்கும் பரிசோதனை. உணவுக்குப் பின் அந்த விறைப்பு ஏறிக்காட்டும். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு.

எந்த மெல்ட் என்று எழுதாமல் விடுவது

அமெரிக்காவில் மெல்ட் 2002-இல் ஒதுக்கீட்டுக்கு வந்தது. 2016-இல் சோடியம் சேர்ந்தது. 2023-இல் வந்த மெல்ட் 3.0-இல் பெண் பாலினமும் அல்புமினும் சேர்ந்தன. பெண்களுக்குத் தசை குறைவு என்பதால் கிரியேட்டினின் இயல்பாகவே குறைந்து நிற்கும், பழைய ஸ்கோர் அவர்களைப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளியது. பத்தாண்டுத் தரவை ஒன்றாகச் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே சூத்திரத்தை மறுபடி போட்டு, எது என்றும் முறைகள் பகுதியிலேயே எழுதிவிடுங்கள்.