பழைய போனை இப்போதைக்கு அழிக்காதீர்கள்: இ-சிம் மாற்றும்போது விடும் பிழைகள்

கல்லடியில் இருக்கும் என் மச்சான் புதுப் போன் வாங்கிய அன்றே பழையதை விற்க ஆள் பிடித்துவிட்டார். இரவோடு இரவாகப் பழைய போனில் எல்லாவற்றையும் அழித்தார். "இ-சிம்மையும் அழிக்கவா?" என்று போன் கேட்டது. ஓம் என்று தட்டிவிட்டார். "நம்பர் கம்பனியில இருக்கும்தானே, மறுகா ஏத்தலாம்" என்பது அவர் கணக்கு. அடுத்த நாள் போயா விடுமுறை, சிம் கம்பனியின் கிளை பூட்டு. வங்கி ஆப்பைத் திறக்க ஓடிபி வேண்டும், ஓடிபி வர நம்பர் வேண்டும்.

பிளாஸ்டிக் சிம் என்றால் ஊசியால் குத்தி எடுத்து மற்றப் போனில் போடலாம். இ-சிம்மில் கழற்ற எதுவும் இல்லை. போனுக்குள் பொருத்திய சிப்பில் சிம் கம்பனி இறக்கிவிடும் தரவு அது. அழித்தாலும் நம்பர் உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் திரும்ப இறக்கக் கம்பனியின் தயவு வேண்டும். அதனால் முதலில் புதுப் போனில் ஏற்றுங்கள், யாரையாவது அழைக்கச் சொல்லுங்கள், ஒரு எஸ்எம்எஸ் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் பழையதில் கை வைக்க வேண்டும்.

இ-சிம்மை ஏற்றக் கம்பனி முன்பு தந்த கியூஆர் கோட் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பவர்களும் உண்டு. அது பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான். ஐபோனிலிருந்து ஐபோனுக்கு என்றால், ஐஓஎஸ் 16 முதல் இரண்டையும் பக்கத்தில் வைத்தே மாற்றலாம், கம்பனி அதற்கு இடம் கொடுத்திருந்தால். இல்லாவிட்டால் புதுக் கோட் கேட்க வேண்டியதுதான்.

அந்தக் கோட் மின்னஞ்சலில் புதுப் போனுக்கே வந்து சேரும். தன் திரையைத் தன் கேமராவால் எப்படிப் பிடிப்பது? வீட்டில் இன்னொருவரின் போனில் திறந்து காட்டுங்கள், அல்லது கூடவே வரும் எழுத்துகளைக் கையால் அடியுங்கள். "படத்தை வட்சப்பில் அனுப்புங்க, நான் போட்டுத் தாறன்" என்று யார் சொன்னாலும் அனுப்ப வேண்டாம். முதலில் ஸ்கேன் செய்பவருக்கே நம்பர், அதோடு உங்கள் ஓடிபியும். இறக்குவதற்கு வைஃபை வேண்டும். மாற்றப்போகும் நம்பரின் டேட்டாவையே நம்பி இறங்காதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், வெளிநாட்டிலிருந்து வரும் போன்கள். கத்தார், சவூதி, குவைத், டுபாயில் விற்கும் ஐபோன் 17இல் சிம் போடும் தட்டே இல்லை. மகன் ஆசையாக அனுப்பியதைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் பிளாஸ்டிக் சிம்மை எங்கே செருகுவது என்று தேடிய வீடு எனக்குத் தெரியும். சீனாவுக்கென்று செய்த ஐபோன்கள் பலவற்றில் நேர்மாறு: இரண்டு சிம் போடலாம், இ-சிம் கிடையாது. கல்முனையில் பழைய போன் வாங்கினாலும் சரி, காசைக் கொடுக்கும் முன் *#06# அடித்துப் பாருங்கள். இ-சிம் உள்ள போன் என்றால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு, இ-சிம் சிப்பின் எண்ணான ஈஐடி என்று 32 இலக்கம் காட்டும்.

வட்சப் உரையாடல்கள் எந்த சிம்மிலும் இல்லை. பேக்கப் தனி வேலை.

சரி, மச்சானின் கதை. போயா முடிந்து அடையாள அட்டையோடு கிளைக்குப் போனார். நம்பர் அவர் பெயரில் இல்லை. பல வருடங்களுக்கு முன் அக்காவின் அட்டையில் எடுத்த சிம் அது. அக்கா கல்யாணம் முடித்து அக்கரைப்பற்றில். அவர் பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போடும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.