அம்மம்மாவின் தாலாட்டை வீட்டு அறையிலேயே லோ-ஃபை முறையில் ஒலிப்பதிவு செய்வது எப்படி?

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால், பறுவ இரவில் தோணியை வாவி நடுவில் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்கச் சொல்வார்கள். எட்ட நின்றால் காற்றுச் சத்தம்தான். லோ-ஃபை பாட்டுகளை, அதாவது எளிய கருவிகளில் பதிந்து சுற்றுச் சத்தத்தைத் துடைக்காமல் விட்ட பாட்டுகளை, நான் கேட்கத் தொடங்கியபோது நினைவுக்கு வந்தது அந்தத் துடுப்புத்தான். பாடுகிறவரின் மூச்சும், தந்தியில் விரல் இழுபடும் கீச்சும், கதிரை முனகுவதும் அப்படியே காதுக்குள் வரும். 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வீட்டு அறையில், நாலு தடக் கசற் கருவியில் பாடி வைத்ததை, பிறகு வாத்தியக் குழுவோடு ஸ்டூடியோவில் திரும்பச் செய்து பார்த்தார்கள். சரிவரவில்லை. கடைசியில் அந்தக் கசற் பதிவுதான் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தது.

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. அம்மம்மாவின் தாலாட்டை முதலில் ஒரு ஸ்டூடியோவில்தான் பதிவு செய்தேன். மூச்சை வெட்டி, எதிரொலி போட்டுத் தந்தார்கள். அம்மம்மா அதைக் கேட்டுவிட்டு, “ஆரோ பாடுற மாதிரி இருக்கு மனே” என்றா. அதற்குப் பிறகு வீட்டில் போனிலேயே செய்தேன். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. அறை

ரைல்ஸ் போட்ட விறாந்தை வேண்டாம், குரல் சிதறும். கட்டிலும் மெத்தையும் உள்ள சின்ன அறைதான் நல்லது. நிலத்தில் பன்பாயை விரியுங்கள். சேலைகள் தொங்கும் அலுமாரியின் கதவைத் திறந்து, அதைப் பார்த்தபடி பாடுகிறவரை இருத்துங்கள். துணி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிற்பாட்டுங்கள். புழுங்கும்தான், ஆனால் ஒரு பாட்டு நாலு நிமிடம்தானே. ஓட்டோக்கள் அடங்கிய பிறகு, இரவு ஒன்பதரைக்குப் பின் செய்வது சுகம். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் கடல் இரைவது கேட்கும். அது இருக்கட்டும்.

2. கிற்றார்

பாட்டுக்குத் துணையாகக் கிற்றார் வாசிப்பதானால், புதுத் தந்தி மாற்றாதீர்கள். பழைய தந்தியின் மங்கல் ஒலிதான் இதற்குப் பொருந்தும். தந்தி மீட்டும் தகடான பிக்கும் வேண்டாம், நகமும் வேண்டாம், பெருவிரலின் சதையால் மீட்டுங்கள். இன்னும் மெதுவாக வேண்டுமானால் பிரிட்ஜ் (கிற்றாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கமாகத் தந்திகளுக்கு அடியில் மடித்த துணித்துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் பிழை விடுகிறார்கள்: தாலாட்டையும் நாட்டார் கவியையும் தாளத்துக்குள் கட்டப் பார்க்கிறார்கள். நம் பெண்கள் ஒரு சொல்லில் நின்று, இழுத்து, நினைத்த இடத்தில் மூச்செடுத்துத்தான் பாடுவார்கள். கோர்டுகளை (பல சுரங்களை ஒன்றாக மீட்டுவதை) அடுக்கினால் அந்த நிற்றல் செத்துவிடும். முதலில் அவரைப் பாடவிட்டு அவரின் சுருதியைக் கண்டுபிடியுங்கள். அந்த ஒரு தந்தியைத் தம்புரா போல மெல்ல ஒலிக்க விடுங்கள். வரி முடிகிற இடத்தில் மட்டும் இரண்டு சுரம் தொட்டால் போதும்.

3. போன்

விமானப் பயன்முறையில் போட்டு, உறையைக் கழற்றுங்கள். மடித்த துவாயின் மேல், அடிப்பக்க மைக் பாடுகிறவரைப் பார்க்கும்படி வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் தூரம். நேர் முன்னே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில். இல்லாவிட்டால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதி ‘பொம்’ என்று அடிக்கும். தூரம் பாதியானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி அப்படியே நிற்கும். நெருக்கமாகக் கேட்பதன் இரகசியம் அவ்வளவுதான். கிற்றாரின் சத்தம் குரலை அமுக்கினால் கிற்றார்காரர் தள்ளியிருக்கட்டும், போனை நகர்த்தாதீர்கள்.

செயலியில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) கோப்பாகப் பதிய முடிந்தால் அதையே தெரிவுசெய்யுங்கள்.

4. பாடுவது

“பாடுங்க” என்றால் அம்மம்மா தொண்டையைச் செருமி, கோயிலில் பாடுவதுபோல உரத்துப் பாடுவா. அதனால் நான் வெறும் ஏணையை ஆட்டச் சொன்னேன். கயிறு வளையில் உரசுகிற சத்தத்தோடு குரல் தானாகவே தணிந்தது. மூன்று தரம் பதியுங்கள். பிழையில்லாததைத் தேடாமல், கேட்கும்போது உங்களை அசையவிடாத ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

5. கணினியில்

ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஒடாசிட்டி இலவசம். கிற்றாரின் மிகத் தணிந்த ஒலியுள்ள தந்தி சுமார் 82 ஹேர்ட்ஸ். ஆகவே 70க்குக் கீழே உள்ளதை வெட்டலாம். மேலே 10,000 ஹேர்ட்ஸுக்கு அப்பால் மெல்லக் குறைத்தால் பழைய கசற்றின் கதகதப்பு வரும். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு விநாடி வெறும் அறையின் ஒலியை விட்டுவையுங்கள். வேறொன்றும் செய்யாதீர்கள்.

கோப்பின் பெயரில் பாடியவர், ஊர், திகதி மூன்றையும் எழுதுங்கள். எங்கள் பதிவில் இரண்டாம் அடி முடிய ஒரு பல்லி சொல்லும். அம்மம்மா பாட்டை நிறுத்தாமலே விரலால் கட்டில் சட்டத்தில் மூன்று தரம் தட்டுவா. கேட்டவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்: “அது என்ன தட்டுற சத்தம்?”